வடக்குச் சுவருக்கு ஒரு முட்டு

எனக்கு அந்தக் கோயிலைக் கண்ட நாளே பிடிக்கவில்லை. போதகரின் பெண்சாதி இப்படிச் சொல்லலாமோ என்று யாரும் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். ஐம்பதுகளின் கடைசியில், கலியாணமாகி ஐந்தாம் மாதம், என் கணவரை யாழ்ப்பாணத் தீவில், வேலணைக்கு அயலில் ஒரு ஊருக்குப் போதகராக அனுப்பினார்கள். வண்டிலால் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், பனங்காணிகளுக்கு நடுவே ஒரு பென்னம்பெரிய வெள்ளைச் சுவர். நான் ஏதோ கோட்டை என்று நினைத்தேன்.

"இதுதானோ?" என்று கேட்டேன்.

"இதுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனிதன் கட்டடத்தில் மயங்கிப் போனார், இனி இவரை இங்கிருந்து கிளப்ப முடியாது என்று. அப்படியே நடந்தது. இருபது வருடத்துக்கு மேல் இருந்தோம். இடமாற்றம் வரும்போதெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி மறுத்துவிடுவார். தீவுக்கு வர வேறு ஒருவரும் ஆசைப்படாததால் மேலிடமும் விட்டுவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி குடிக்க விடமாட்டார். "வாருங்கோ, முதல்ல கோயிலைப் பாருங்கோ" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். தேத்தண்ணி ஆறிப்போகும். நான் மூன்று தரம் சுடவைத்துக்கொண்டு குசினிக்குள் முணுமுணுப்பேன். அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. முதலில் பறங்கியர் ஓலையால் வேய்ந்த ஒரு சிறு கோயில் வைத்திருந்தார்களாம். பிறகு வந்த ஒல்லாந்தர் அதைப் பிரித்துவிட்டு, கடலில் வெட்டிய முருகைக்கல்லால் இதைக் கட்டினார்கள். சாந்து சுண்ணாம்பு. சுவர் நாலடி தடிப்பு. வெளியே பங்குனி வெயில் கொளுத்தினாலும் உள்ளே போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தால் குளிரும். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லைப் பார்க்கலாம், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னப் பூப்போட்ட மாதிரி. யன்னல்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேலே, வளைவு வைத்துக் கட்டியவை.

அவருக்கு மிகவும் பிடித்தது பிரசங்கபீடம் இருந்த இடம். மற்றக் கோயில்களில் கிழக்குக் கோடியில் இருக்குமே, இங்கே அப்படி இல்லை. நீளமான வடக்குச் சுவரின் நட்டநடுவில் இருந்தது. படித்தவர்கள் இதைப் பிரெஸ்பிட்டேரியன் முறை என்பார்கள். பலிபீடம் கிடையாது, மேற்றிராணியார் கிடையாது, சபையை நடத்துவது மூப்பர்மார். போதகர் நடுவில் நின்று வசனத்தைச் சொல்ல, சனங்கள் மூன்று பக்கமும் சூழ இருந்து கேட்கும். "பாத்தீரே, கட்டடமே எப்பிடிக் கும்பிட வேணுமெண்டு சொல்லித் தருது" என்பார். ஒல்லாந்தர் போனபின் வந்த இங்கிலீசுக்காரனுக்கு இது தேவைப்படவில்லை. கூரை விழுந்து ஆடு மேய்ந்த இடமாய்க் கிடந்தது. அமெரிக்கப் பாதிரிமார் வந்துதான் வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் இடையே ஐந்து பனை விட்டங்களைக் குறுக்காகப் போட்டு, அதன்மேல் ஓட்டுக்கூரை அமைத்தார்களாம். சுவர் ஒல்லாந்தருடையது, கூரை அமெரிக்கருடையது, வௌவால் மட்டும் எங்களுடையது என்று நான் சொல்லுவேன்.

சிரிக்க வேண்டாம். அந்த ஐந்து விட்டங்களிலும் வௌவால் தொங்கியது. பதினேழு குடும்பம் உள்ள சபைக்கு இருநூறு வௌவால். ஒருநாள் இவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது திறந்திருந்த வேதப்புத்தகத்தில் எச்சம் நேராக வந்து விழுந்தது. மனிதன் அசையவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த அதிகாரத்தை வாசித்தார்.

இரண்டாம் வருடம் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். நாற்பத்தொரு நாள் இருந்தான். பிறகு காய்ச்சலும் வலிப்பும் வந்தது. வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியிலேயே போய்விட்டான். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஏலாது.

எங்கே அடக்குவது என்று மூப்பர்மார் கேட்டபோது இவர்தான் இடம் காட்டினார். வடக்குச் சுவருக்கு வெளிப்புறம், இரண்டு நடு யன்னலுக்கும் இடையில், சுவரோடு ஒட்டி. உள்ளே பிரசங்கபீடம் இருந்த இடத்துக்கு நேரே. "அப்பான்ரை குரல் கேக்கட்டும்" என்றார். அன்றைக்கு அயல் சைவ வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அதன்பிறகு எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரசங்கிக்க, நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் அந்தப் புயல் அடித்தது. கிறிஸ்து பிறப்புக்கு, எங்கள் நத்தாருக்கு, இரண்டே நாள். விடிய எழும்பிப் பார்த்தால் கோயிலின் ஓடு முழுக்கக் காணிக்குள் நொறுங்கிக் கிடக்கிறது. கைமரங்கள் முறிந்து தொங்கின. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. ஐந்து விட்டங்களும் அப்படியே குறுக்காக நின்றன. நத்தார் ஆராதனையை வானத்தைப் பார்த்துக்கொண்டு நடத்தினோம்.

புதுக் கூரை போடப் புளியங்கூடலில் இருந்து ஒரு மேசன் வந்தார். சைவக்காரர், நெற்றியில் பட்டை நீறு, அதிகம் பேசாத மனிதர். தச்சு வேலைக்கும் அவரே ஆள் பிடித்து வந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சனம் காலங்காலமாகப் பாயில் இருந்துதான் கும்பிட்டது. முழங்கால் நோவு உள்ள வயதுபோனவர்கள் எழும்ப முடியாமல் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இந்த ஐந்து விட்டத்தையும் இறக்கி அரிந்தால் இருந்து கும்பிட எத்தனை வாங்குப் பலகை செய்யலாம்! வௌவாலும் தொலையும். நல்ல வயிரப் பனை, இரும்பு மாதிரி. எங்கள் ஊரில் பனைமரத்தை வீணாக்குகிற ஆள் யார்? வேலி, கிடுகு, கூரை, கிணற்றுத்துலா என்று ஒரு சிராம்பைக்கூட விடமாட்டோம். மூப்பர்மாருக்கும் அந்தக் கதை இனித்தது.

மேசன்தான் ஏணியடியில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அம்மா, உது சும்மா கிடக்கிற மரமில்லை. உதுதான் ரண்டு சுவரையும் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

என் வாய் சும்மா இருக்குமா? "நாலடிச் சுவரை உந்த மரமோ பிடிச்சுக்கொண்டு நிக்குது? சுவரெல்லே அண்ணை மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது! புயலுக்கே அசையாத சுவர், நீங்கள் ஒரு மரத்தைக் கழட்டினால் விழுந்துபோமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மேசன் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் மட்டும், "அவர் சொல்லுறதையும் கேப்பமே" என்று இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு வௌவால் வேணுமோ, வாங்கு வேணுமோ?" என்றேன். அதோடு சரி. விட்டங்களை இறக்கினார்கள். பதினான்கு வாங்கு வந்தது. கறுப்பு மரத்தில் மஞ்சள் கோடு ஓடி, எண்ணெய் பூசினதும் பளபளத்தது. முதல் ஞாயிறு சனங்கள் அதில் இருந்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

நாலு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் மாரியில் வடக்குச் சுவருக்கும் கூரைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. முதலில் ஒரு விரல். பிறகு ஒரு சாண். மேசனைக் கூப்பிட்டோம். அவர் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு நூலைச் சுற்றினார். சுவர் வெளிப்புறமாகச் சரிந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஒரு ஓவசியர் வந்தார். உள்ளே ஒரு வாங்கில் இருந்துகொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார். "கூரையின்ரை பாரம் கைமரத்துக்குள்ளாலை வந்து சுவரை வெளியாலை தள்ளும். குறுக்குவிட்டம்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது. இஞ்சை விட்டம் இருந்திருக்க வேணுமே, எங்கை அது?" என்று கேட்டார்.

மூப்பர்மார் நிலத்தைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்.

"நீங்கள் இருக்கிறது அதிலைதான் ஐயா."

அந்த மனிதன் எழும்பி வாங்கைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அரிந்ததை ஒட்டவைக்க முடியாது. புது விட்டம் போடலாம், ஆனால் அதற்கு முதல் சுவர் இதற்குமேல் சரியாமல் வெளியிலிருந்து ஒரு முட்டுச்சுவர் எழுப்ப வேண்டும், அகலமான அத்திவாரத்தோடு, சரிவு கூடின இடத்தில் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாரிக்கு முன் சுவரைப் பாதுகாப்பாக்காவிட்டால் கோயிலைப் பூட்ட வேண்டும். சனம் பக்கத்துச் சபையோடு சேர வேண்டும். கல்லைச் சுண்ணாம்புச் சூளைக்காரர் யாரும் கேட்டால் கொடுத்துவிடலாம்.

மூப்பர்மார் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். மூன்று பேரும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக் குடித்தார்கள். ஒருவராவது, "பாதிரி அம்மா, இதெல்லாம் உங்களாலைதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு ஆறியிருப்பேன். அந்தச் சனம் இருக்கிறதே, சொல்லவே இல்லை. சாகும்வரை ஒருவரும் சொல்லவில்லை. முட்டுச்சுவர் கட்டுவதென்று முடிவாயிற்று. எந்த இடத்தில் என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான் அதை மேசனின் நூலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வடக்குப் பக்கம் போனபோது அத்திவாரத்துக்கு முளையடித்து நூல் கட்டியிருந்தார். மேசன் கட்டுகிற நூல் நேராகத்தானே போகும்? இது பாதிவழியில் ஒரு முளையைச் சுற்றி, வளைந்து, பிறகு மறுபடி நேராகியது. என் பிள்ளையின் குழியைச் சுற்றிப் போயிருந்தது.

"அண்ணை, நூல் ஏன் வளையுது?"

அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நேரை விட வேண்டிய இடமெல்லோ இது?"

"ஓம் அம்மா."

"வளைச்சுக் கட்டினால் நிக்குமோ?"

"நில்லாது."

"பின்னை?"

"பின்னை என்ன செய்ய அம்மா? என்னாலை உதிலை மண்வெட்டி வைக்க ஏலாது. பிள்ளையைப் பலி வைச்சுக் கட்டினதெண்டு சனம் கதைக்கும். அது வேறை. எனக்கே மனம் வராது." கண் கலங்கிவிட்டது அந்த மனிதனுக்கு. என்னிடம் வாங்கிக்கட்டியவர் அவர். நான் அன்றைக்குச் சிரிக்க வைத்ததெல்லாம் இவரைப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். அவருக்கு முதலே தெரியும். கலியாணமாகிப் பத்து வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் குரலை உயர்த்தாத மனிதர் மேசையில் கையால் அடித்தார்.

"கோயில் விழுந்தால் விழட்டும்! கல்லைச் சூளைக்குக் குடுக்கட்டும்! என்ரை பிள்ளைக்கு மேலை ஒருத்தரும் கட்ட வேண்டாம்."

அந்தக் கட்டடத்தை உயிராய் நினைத்த மனிதன் இதைச் சொன்னார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோயில் போனால் அவரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். பதினேழு குடும்பமும் ஞாயிறு தோறும் ஐந்து மைல் நடக்க வேண்டும். என் வாயால் வந்த வினை. அந்த மரத்தைக் கழற்று என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"பிள்ளையை எடுத்து வேற இடத்திலை வைப்பம்" என்றேன். "கோயில் காணி வேப்பமரத்தடியிலை நிழல் இருக்கு."

மூன்றாம் நாள் தன் கடிதங்கள் வைக்கிற மரப்பெட்டியை வெறுமையாக்கித் துடைத்து என் கையில் தந்தார். "என்னாலை பார்க்க ஏலாது. நீர் போய் நில்லும். எடுத்து மூடினாப்பிறகு என்னைக் கூப்பிடும்" என்றார்.

விடியற்காலை நானும் மேசனும்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே கிண்டினார். எங்கள் தீவின் நிலம் தெரியும்தானே, ஒரு முழம் மண், அதற்குக் கீழே முழுக்க வெள்ளை முருகைச் சரளை. நாலடி போனதும் இரண்டு துருப்பிடித்த ஆணி வந்தது. பெட்டிப்பலகை கறையான் தின்று போயிருந்தது. அதற்குப் பிறகு அவருடைய கை நின்றுவிட்டது.

உள்ளங்கையை என்னிடம் நீட்டினார். விரல் பருமன், ஈர்க்குப் பருமன், வெள்ளை வெள்ளையாய்ச் சின்னத் துண்டுகள்.

"அம்மா, இதிலை எது கல்லு, எது… எனக்குத் தெரியேல்லை அம்மா."

எனக்கும் தெரியவில்லை. நாற்பத்தொரு நாள் குழந்தையின் எலும்பு எவ்வளவு இருக்கும்? குழிக்குள் இறங்கி அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இது விலாவோ, இது விரலோ. இல்லை, கல். இதுவும் கல். வெய்யில் ஏறிவிட்டது. பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையைக் கல்லிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் கைக்கு வந்த கொஞ்சத்தைப் பெட்டியில் போட்டு, ஆணி இரண்டையும் மேலே வைத்து மூடினேன். மேசன் மிச்சச் சரளையை எங்கேயும் கொட்டவில்லை. இரண்டு கையாலும் அள்ளி, குழியின் அடியிலேயே பரப்பி, தட்டிச் சமப்படுத்தினார். அதன்மேல்தான் அத்திவாரக் கல்லை வைத்தார்.

"ஐயாவுக்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை."

கணவரிடம் போய், "எல்லாம் எடுத்தாச்சு. முழுசாக் கிடைச்சது" என்றேன். கோயிலுக்குப் போகும் வழியில் அவர் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மூப்பர்மாருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது முழங்காலில் இருந்தார். பிறகு அடக்க ஆராதனையை முதல் தரம் செய்ததுபோலவே செய்தார். குரல் உடைந்து உடைந்து, குழந்தைமாதிரி அழுதார். நான் பக்கத்தில் பொய்யோடு நின்றேன். என் வாழ்நாளில் அவரிடம் சொன்ன ஒரே பெரிய பொய் அது.

முட்டுச்சுவர் எழும்பியது. அடியில் ஆறடி அகலம், மேலே போகப்போக ஒடுங்கி, யன்னல் உயரத்துக்கு. புது விட்டங்களும் போட்டார்கள். அதன்பிறகு சுவர் ஒரு நூல்கூட அசையவில்லை. வௌவாலும் திரும்பி வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் இருந்த நாட்களில் ஒரு மத்தியானம், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னை வேப்பமரத்தடியிலை வைக்க வேண்டாம்."

"ஏன் உந்தக் கதை இப்ப? கஞ்சியைக் குடியுங்கோ."

"முட்டுச்சுவருக்குப் பக்கத்திலை வையும்."

கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நான் திறந்து பார்த்தனான்" என்றார். "நீர் மூப்பர்மாரைக் கூப்பிடப் போன நேரம். முழுக்கக் கல்லு. ரண்டு ஆணி."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன செய்ய, நான் அப்படிப்பட்டவள். "தெரிஞ்சுகொண்டோ அப்பிடி அழுதனீங்கள்? இவ்வளவு வருஷம் அந்த மரத்தடியிலை போய் நிண்டனீங்களே!"

"பின்னை? நீர் அவ்வளவு பாடுபட்டுப் பொறுக்கிக்கொண்டு வந்தனீர். உமக்கு முன்னாலை அதைக் கல்லெண்டு சொல்லவோ?"

நான் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதேன். பன்னிரண்டு வருடத்து அழுகை. அவர் என் தலையைத் தடவிக்கொண்டு கிடந்தார். இரண்டு கிழமையில் போய்விட்டார்.

அடக்கத்தன்று நான் வெளியே வந்தபோது மூப்பர்மார் வேப்பமரத்தடியில் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் தகப்பன், அதுதானே முறை என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் விறுவிறென்று போய் மண்வெட்டியைப் பிடித்தேன்.

"இஞ்சை இல்லை. முட்டுச்சுவரடியிலை வெட்டுங்கோ."

மூத்த மூப்பர் திகைத்துப் போனார். "ஏனம்மா? தம்பி இஞ்சையெல்லோ கிடக்கிறான்?"

"இல்லை" என்றேன். "அவன் அந்தச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்."